விதை மல்லாட்டைக்குத் தண்ணீர் தெளித்தவர்

1

பர்மிங்காமில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறார்கள். எங்கே என்று கேளுங்கள். பலசரக்குக் கடையில் அல்ல, கிளிக்கூண்டும் நாய்ச்சங்கிலியும் விற்கிற கடையில். தோலோடு காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். இந்த ஊர் ஜனங்கள் அதை நூலில் கோத்துத் தோட்டத்து மரத்தில் தொங்கவிட்டுக் குருவிக்குப் போடுகிறார்கள். எங்கள் திண்டிவனம் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் இந்தப் பயிரை நம்பித்தான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கின்றன என்று ஒருநாள் அந்தக் கடைக்காரனிடம் சொன்னேன். "அப்படியா, உங்கள் ஊரில் குருவி அதிகமோ?" என்று கேட்டான்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அங்கே இரண்டு பை வாங்கி வந்தேன். குருவிக்கு இல்லை. மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் சாப்பிட வருவதாக இருந்தது. காய்ந்த காயை இரவு முழுக்க ஊறவைத்து உப்புப் போட்டு அவித்தால், ஊரில் அவித்த பச்சைக்காயின் ஞாபகமாவது வரும் என்று சரோஜா சொன்னாள். சரோஜா என் மனைவி. ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்தும் அவள் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

வரப்போகிறவர் யார் தெரியுமா? முன்பு எங்கள் பக்கத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரியாக இருந்தவர். இப்போது சென்னையில் சிறுதொழில் இலாகாவில் இன்னும் பெரிய நாற்காலி. வட்டார நிறுவனங்கள் புதுமுயற்சிகளுக்கு எப்படிக் கை கொடுக்கின்றன என்று ஆராய்வதற்காக, நாலு பேர் கொண்ட குழுவோடு சர்க்கார் செலவில் சீமைக்கு வந்து இறங்கியிருந்தார். உருளைக்கிழங்கு தின்று நாக்கு செத்துவிட்டதாம். இந்த ஊரில் ரசம் கிடைக்கும் வீடு எது என்று விசாரித்து, அங்கே இங்கே சுற்றிச் சேதி என் வீட்டுக்கு வந்தது. அவர் ஆராய வந்த விஷயத்தைக் கேட்டபோது நான் சிரித்த சிரிப்பில் ரொட்டி தொண்டையில் மாட்டிக்கொண்டது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் அவரை மாலைக்காரர் என்றுதான் சொல்வோம். எதைத் திறந்தாலும் கழுத்தில் மாலையோடு நிற்பார். எருக்குழி திறப்பு விழாவுக்குக்கூட ரோஜாமாலை போட்டுக்கொண்டவர். குழியில் திறப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். திறந்தார்.

"வர்ற ஆளை ஒண்ணும் சொல்லிடாதீங்க. வாயை மூடிக்கினு சோத்தைப் போடுங்க" என்றாள் சரோஜா. "உங்க அண்ணன் கொட்டாய் அந்தாளு கையிலதான் மாட்டிக்கினு இருக்குது."

அது உண்மை. விழுப்புரம் பக்கத்தில் சர்க்கார் புதிதாகத் தொழிற்கூடக் கொட்டகைகள் கட்டியிருக்கிறது. மின்சார இணைப்போடு ஒரு கொட்டகை வேண்டும் என்று என் அண்ணன் மனுப் போட்டு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாருக்கு எந்தக் கொட்டகை என்று முடிவு செய்யும் கமிட்டிக்குத் தலைவர் இந்த மாலைக்காரர்.

2

என் அண்ணன் ரங்கநாதன் திண்டிவனத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். அடக்கமான மனிதர் என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். "இன்னாடா பெரிய சீமை மிஷினு? அதோட மூளை என் கால் செருப்புல இருக்குதுடா" என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டுவார். ஒருநாள் வெறும் பேச்சு என்று நினைத்த ஒரு லாரி டிரைவர், செருப்பைக் கழற்றி முகர்ந்தே பார்த்தான்.

விஷயம் இதுதான். எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டையை மண்டியில் இரும்பு மிஷினில் போட்டு உடைப்பார்கள். உடைக்குமுன் காயின்மேல் லேசாகத் தண்ணீர் தெளிப்பது மண்டிக்காரர் வழக்கம். அப்போதுதான் பருப்பு நொறுங்காது, எடையும் கூடும். செக்குக்குப் போகிற பருப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று அவர்கள் கணக்கு. விதைப் பருப்பு அப்படி அல்ல. காய்ந்த காயாக, விதைப்புக்கு முன்பு, கையால்தான் உரிக்க வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஆனால் மழை எல்லார் நிலத்திலும் ஒரே நாளில் பெய்கிறது. உரிக்க ஆள் கிடைப்பது பெரிய பண்ணைக்கு மட்டும். சின்னக் குடியானவன் தன் வீட்டுப் பெண்களை வைத்து உரித்து முடிப்பதற்குள் நிலம் காய்ந்துவிடும். உரித்த பெண்களுக்கு விரல் நுனி வெந்து, சோற்றில் உப்புப் பட்டால் எரியும். எங்கள் அம்மாவுக்கு எரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அண்ணன் ஒருநாள் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காயின்மேல் டயர் செருப்போடு ஏறிவிட்டார். தோல் பிளந்தது, பருப்பு அப்படியே இருந்தது. அவ்வளவுதான். இரும்புப் பல்லுக்குப் பதிலாகப் பழைய லாரி டயரை வெட்டிப் பொருத்தி, கையால் ஆட்டுகிற மிஷின் ஒன்றைச் செய்தார். காய்ந்த காயைப் போட்டால் விதைப் பருப்பு முழுசாக விழுந்தது.

உடனே வட்டார அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். புதுமுயற்சிக்கு உதவி செய்வதற்காகவே திறந்த அலுவலகம் அல்லவா? அங்கே ஒரு மாதம் ஆராய்ந்தார்கள். மிஷினை அல்ல, அது எந்த இலாகாவைச் சேர்ந்தது என்பதை. இரும்பு என்றால் தொழில் இலாகா. மல்லாட்டை என்றால் விவசாய இலாகா. ஆனால் நடுவில் டயர் இருக்கிறதே, ரப்பருக்கு இங்கே இலாகாவே கிடையாதே என்று ஒரு குமாஸ்தா நிஜமாகவே கவலைப்பட்டார். "பேஜாரு புடிச்ச ஆபீசு" என்று சொல்லிவிட்டு அண்ணன் மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு கடலூரிலிருந்து கலெக்டர் வருகிறார் என்று சேதி வந்தது. மறுநாளே பட்டறை வாசலில் ஜீப் நின்றது. மாலைக்காரர் இறங்கினார். "என்ன ரங்கநாதன், நம்ம மிஷின் ரெடியா?" என்றார்.

நம்ம மிஷின்! எத்தனை சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

3

நான் கப்பல் ஏறுவதற்கு முந்தின வருஷம் விழுப்புரத்தில் அந்த விழா நடந்தது. பந்தல், தோரணம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டு, எல்லாம் இருந்தன. மிஷினுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூட்டை மூட்டையாக விதைக்காய். அன்று உரிக்கிற பருப்பை முன்னேற்றமான விதை என்று குடியானவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. முகையூரிலிருந்து எங்கள் தாய்மாமன் பச்சையப்பன்கூட, வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கலெக்டர் வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. அலுவலக ஆள் ஒருவன் பூவாளியோடு வந்தான். சாக்கைப் பிரித்து, காயைப் பரப்பி, பூச்செடிக்கு ஊற்றுவதுபோல ஊற்றினான்.

அண்ணனுக்கு உயிர் போய்விட்டது. "யோவ்! விதைக்கு எவனாவது தண்ணி தெளிப்பானா? இன்னாய்யா பண்றே?" என்று பாய்ந்தார்.

"நான்தான் தெளிக்கச் சொன்னேன்" என்றார் மாலைக்காரர். "மண்டியில எல்லாரும் தெளிக்கிறாங்க இல்ல? கலெக்டர் முன்னாடி பருப்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"மண்டியில எண்ணெய்க்குத் தெளிக்கிறான் சார். இது மண்ணுக்குப் போற பருப்பு. என் மிஷினுக்குத் தண்ணியே வாணாம். காஞ்ச காயைப் போட்டு நானே ஆட்டிக் காட்றேன், ஒண்ணு உடைஞ்சா என்னைக் கேளுங்க."

"உன்னைக் கேட்க மாட்டாங்கப்பா. என்னைக் கேட்பாங்க."

அண்ணன் பூவாளியைப் பிடுங்கி எறிந்தார். அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அண்ணனை இரண்டு கையிலும் பிடித்துப் பந்தலுக்கு வெளியே இழுத்துப் போனார்கள். "ஒன்றுமில்லை, குடித்துவிட்டு ஒருவர் கலாட்டா" என்று மைக்கில் சொன்னார்கள். என் அண்ணன் வாழ்நாளில் குடித்ததெல்லாம் மோரும் கேப்பைக் கூழும்தான். வெளியே ரோட்டில் நின்றுகொண்டு, தான் செய்த மிஷினை வேறொருத்தன் ஆட்டுவதைப் பார்த்தார். பருப்பு ஒன்றுகூட உடையவில்லை. கலெக்டர் கை தட்டினார். மாலைக்காரர் கழுத்தில் இரண்டு மாலை விழுந்தன.

ஈரப் பருப்பைச் சாக்கில் கட்டி அலுவலகக் கிடங்கில் போட்டார்கள். யார் யாருக்கு விதை என்ற உத்தரவு கையெழுத்தாகி வரும்வரை அது அந்தப் புழுக்கத்திலேயே கிடந்தது. விதைப்புச் சமயத்தில், "இது வேற மூட்டை, மெட்ராஸ்லேருந்து வந்தது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பச்சையப்பன் மாமா நம்பி விதைத்தார். அவரோடு இன்னும் பலர் விதைத்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால் கறுப்பாகக் கையில் ஒட்டியது. அந்தப் பட்டத்து விதைப்பே போயிற்று.

அலுவலகம் விசாரணை செய்தது. மூட்டை விழாவில் உரித்ததுதான், ஆனால் மிஷின் கோளாறு என்று, ஃபைலில் எழுதாமல் வாயால் சொல்லிவிட்டது. விழாவைப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் அந்தச் சேதிதான் போயிற்று. ரங்கநாதன் மிஷினில் உரித்தால் முளைக்காது என்று அண்ணன் காதுபடவே பேசினார்கள். மிஷினைப் பட்டறை மூலையில் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அவர் செருப்பைத் தூக்கி யாருக்கும் காட்டவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை மாலைக்காரர் வந்தார். மாலை இல்லாத கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். நான் ரங்கநாதனின் தம்பி என்று அவருக்குத் தெரியாது. திண்டிவனத்து ஆள் என்று மட்டும் தெரியும்.

ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "என்னா டிசிப்ளின் இந்த ஊர்ல! ஒரு ஃபேக்டரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. தொழிலாளி யோசனை சொல்றதுக்குன்னே ஒரு பெட்டி வெச்சிருக்கான். எவ்வளவு பெரிய விஷயம்!"

அந்த ஃபேக்டரியில்தான் நான் வேலை பார்க்கிறேன். அந்தப் பெட்டியில் நானும் ஒரு யோசனை எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அது நடைமுறைக்கு வந்தது, எங்கள் ஃபோர்மன் பெயரில். எனக்கு ஒரு கப் டீ கொடுத்து, முதுகில் தட்டி, என் பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள். இங்கே மாலை போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சீமையைச் சுற்றிப் பார்த்து ஊரைத் திருத்தப் போகிறவர்கள் இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் எங்கள் தாலுகாவில் வைப்பார்கள், பூட்டுப் போட்டு. சாவி இவரிடம் இருக்கும். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சோற்றைப் போட்டேன்.

"நம்ம ஊரும் குறைச்சல் இல்ல" என்று அவரே தொடர்ந்தார். "விழுப்புரத்துல நான் இருந்தப்ப மல்லாட்டை உரிக்க ஒரு மிஷின் கொண்டுவந்தோம். நாளைக்கு இங்க கூட்டத்துல அதைப் பத்தித்தான் பேசப்போறேன்."

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

அப்போதுதான் மாலதி அவித்த மல்லாட்டையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். மாலதிக்கு ஒன்பது வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தமிழில் பேசினாலும் பெரியவர், சின்னவர், பால்காரர், நாய் எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். முந்தின இரவு காயை ஊறப்போட்டபோது, பெரியப்பாவின் கதையையும், வரப்போகிறவர் யார் என்பதையும் அவளிடம் சொல்லியிருந்தேன். தண்ணீர் பட்டால் அவிக்கலாம், விதைக்க முடியாது என்று.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், பெரியப்பா வேணாம்னு சொன்னாரே, நீ ஏன் மல்லாட்டைமேல தண்ணி ஊத்தினே?" என்றாள்.

நடுவீட்டில் இடி விழுந்தமாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் எங்கள் ஜில்லாவில் ஒரு ஆள் அவர் முகத்துக்கு நேரே அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"பெரியப்பாவா?" என்றார் அவர். உரித்த பருப்பு கையிலேயே இருந்தது.

"ரங்கநாதன் என் அண்ணன்" என்றேன்.

அவர் பருப்பைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு மோர்ச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது என்னிடம், "நாளைக்கு சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வர முடியுமா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்க. கொட்டாயி போச்சு" என்றாள் சரோஜா, கதவைச் சாத்தியதும். மாலதியை அடிக்கக் கை ஓங்கினாள். நான் தடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பயமும்தான்.

5

ஸ்டேஷனில் குளிர் எலும்பைத் துளைத்தது. மாலைக்காரர் என் தோளில் கை போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தின் கோடிவரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

"உங்க அண்ணனுக்குக் கொட்டகை கிடைச்சுடும். நான் சொல்லிட்டா சொல்லிட்டதுதான்" என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரைக் கும்பிட்ட என் கைகளைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு சின்ன விஷயம். அந்த விதை நஷ்ட ஃபைல் இன்னும் மூடல. வருஷா வருஷம் ஆடிட்காரன் வந்து, தண்ணி தெளிச்சது யாருன்னு கேட்கிறான். எனக்கு பிரமோஷன் வர்ற நேரம். உங்க அண்ணன் ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டா போதும்."

"என்ன எழுதணும்?"

"தெரியாத்தனமா தானே தெளிச்சிட்டதா. யாரும் அவரை ஒண்ணும் செய்யமாட்டாங்க. தொழிலாளிதானேன்னு விட்டுடுவாங்க. ஃபைலும் மூடிடும், கொட்டகையும் திறந்துடும்."

அப்படியே சொன்னார். ஒரு ஃபைலை மூடி ஒரு கொட்டகையைத் திறப்பது! இதுதான் வட்டார நிறுவனங்கள் புதுமுயற்சிக்குக் கை கொடுக்கிற லட்சணம். இதைத் தெரிந்துகொள்ள இவர் சீமைக்கு வந்திருக்கவே வேண்டாம், தன்னையே கேட்டிருக்கலாம். ரயில் புறப்பட்டபோது, "பாப்பா ரொம்ப சூட்டிகை" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு எழுதினேன். "எழுதிக் கொடுக்காதே, அந்தக் கொட்டகையில் இடி விழட்டும்" என்றும் கடைசியில் சேர்த்தேன்.

6

அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் பதிலில் முதல் இரண்டு வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். பந்தலில் பூவாளியைப் பிடுங்கி எறிந்த மனிதரா இப்படிச் செய்தார் என்று அவர்மேல்கூடக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து ஆறிய பிறகுதான் பதிலை முழுசாகப் படித்தேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அண்ணன் முகையூர் போயிருக்கிறார். பச்சையப்பன் மாமாவின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "மாமா, தண்ணி தெளிச்சது நான்தான்னு எழுதிக் குடுக்கப்போறேன். உங்க வயித்துல அடிச்சவன் நான்னு ஆயிடும். நீங்க வாணாம்னா வாணாம்" என்று சொல்லியிருக்கிறார்.

மாமா மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே, "போட்டுக் குடுத்துட்டுப் போ மாப்ள. நாங்கல்லாம் அங்க பாத்துக்கினுதான இருந்தோம்? ஜல்தியா கொட்டாயை வாங்கு. இந்தப் பட்டத்துக்காவது உன் மிஷின்ல உரிச்சு விதைக்கணும். உங்க அத்தைக்கு விரலு முடியல" என்றாராம். அந்த இடத்தில் நின்று தான் அழுததாக அண்ணன் எழுதியிருந்தார். மற்றவர்களிடம் சொல்லாதே என்றும் எழுதியிருந்தார். சொல்லிவிட்டேன், அண்ணா. சீமையில் இருக்கிற தைரியம்.

கொட்டகை கிடைத்தது. மின்சாரமும் வந்தது. திறந்துவைக்க வேறு யார், மாலைக்காரரேதான் வந்தார். அண்ணன் பெயிண்டரைக் கூப்பிட்டு, கொட்டகை முகப்பில், திருச்சி ரோட்டில் போகிற லாரிக்காரன்கூடப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதிவைத்திருந்தார்: "இங்கே விதை மல்லாட்டைக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை."

கூடியிருந்த குடியானவர்கள் எல்லாருக்கும் புரிந்தது. பின்வரிசையில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். மாலைக்காரர் நிமிர்ந்து படித்தார். பெயர்ப்பலகையைவிட இதுதான் நன்றாக இருக்கிறது, நல்ல வாசகம், இதை அச்சடித்து எல்லா வட்டார அலுவலகத்திலும் ஒட்டச் சொல்கிறேன் என்று மேடையிலேயே அறிவித்தார். ஒட்டியும் விட்டார்கள். கீழே இலாகாவின் பெயர் இருக்கிறதாம். அந்த இலாகா எங்கள் பக்கத்துக்குச் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதுவும் என் அண்ணன் எழுதியது.

நேற்று திறப்பு விழா போட்டோ வந்தது. அண்ணன் மிஷின் பக்கத்தில் ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார், டயர் செருப்பு நன்றாகத் தெரியும்படி. மாலதி போட்டோவை வாங்கி, முகப்பில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் தமிழில் முழுசாகப் படித்த முதல் வாக்கியம் அது. பிறகு விரலால் தொட்டு, "இந்த மாலை போட்ட ஆளு நம்ம வீட்டுக்கு வந்த அங்கிள்தானே? அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. நல்லாப் படிப்பாரு" என்றேன்.

"அப்போ ஏன் கை தட்டறாரு?"

அடுப்படியிலிருந்து சரோஜாதான் சொன்னாள். "அவரு ஆபீசருடி. அதுக்குத்தான் வெச்சிருக்காங்க."